இன்னும் படித்துக்கொண்டிருக்கிறோம்

(பழைய மாணவிகள் சங்க நூற்றாண்டு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



“இன்றைய உலகும் இளைய தலைமுறையும்” என்று தலைப்புத் தந்து இருபது நிமிடம் பேசுமாறு சங்கம் கேட்டது. இளைய தலைமுறை என்று எங்களை அழைத்ததற்கு முதலில் நன்றி. எங்களுக்கு முப்பது வயது. வீட்டிலே இப்போது எங்களை அப்படி யாரும் அழைப்பதில்லை.

இந்த உரையை ஒருத்தி வாசித்தாலும் எழுதியவர்கள் ஐந்து பேர். 2014 ஆம் ஆண்டு ஓகஸ்ட்டில் இந்த மண்டபத்திலே உயர்தரப் பரீட்சை எழுதிய ஒரே வகுப்பு மாணவிகள் நாங்கள். இன்று ஐவருமே பட்டமேற்படிப்பு மாணவிகள். ஒருத்தி இங்கே யாழ்ப்பாணத்தில் கிணற்று நீரை ஆராய்கிறாள். ஒருத்தி பேராதனையில் உணவும் ஊட்டச்சத்தும் பற்றி ஆராய்கிறாள். ஒருத்தி கொழும்பில் புள்ளிவிபரவியல், ஒருத்தி சென்னையில் வரலாறு, ஒருத்தி ரொறன்ரோவில் கல்வியியல். ஐந்து பேரும் ஒரு வாட்ஸ்அப் குழுவில் இருக்கிறோம். அந்தக் குழுவிலே கடந்த சில வருடங்களாக நாங்கள் புலம்பியதையும் சிரித்ததையும் வடிகட்டி எடுத்தால் மிஞ்சுவதுதான் இந்த உரை.

முதலில் எங்கள் தொழிலைப் பற்றிச் சொல்ல வேண்டும். இது தொழிலா என்பதிலேயே ஊரில் ஒருமித்த கருத்து இல்லை. கலியாண வீட்டுப் பந்தியில் பக்கத்தில் இருக்கும் மாமி கேட்கிறா: “பிள்ளை இப்ப என்ன செய்யிறாய்?” “படிக்கிறன் மாமி.” “இன்னுமோ?” அந்த “இன்னுமோ” என்ற ஒரு சொல்லுக்குப் பதில் சொல்ல எந்தப் பல்கலைக்கழகமும் கற்றுத் தருவதில்லை. ஆண்பிள்ளை பட்டமேற்படிப்புப் படித்தால் அவன் கலாநிதியாகப் போகிறான். பெண்பிள்ளை படித்தால் அவளுக்கு இன்னும் ஒன்றும் சரிவரவில்லை. வங்கியில் கணக்குத் திறக்கப் போனால் படிவத்தில் தொழில் என்ற இடத்தில் “மாணவி” என்று எழுதுகிறோம். கருமபீடத்தில் இருப்பவர் எங்களை ஒருமுறை பார்க்கிறார், பிறந்த திகதியை ஒருமுறை பார்க்கிறார், பிறகு எழுத்துப் பிழை என்று முடிவு செய்து “ஆசிரியை” என்று தானே திருத்திவிடுகிறார்.

மேற்பார்வையாளர்களைப் பற்றி இந்த மேடையில் பேசுவது புத்திசாலித்தனம் அல்ல. அவர்களுள் எத்தனை பேர் எங்கள் கல்லூரியின் பழைய மாணவிகள் என்று தெரியாது. ஆகவே அந்தப் பகுதியை ஒருமனதாக வெட்டிவிட்டோம்.

எங்கள் வகுப்புக்கு ஒரு விசேடம் உண்டு. நாங்கள் பிறந்தது 1995. அந்த வருடம் ஒக்ரோபர் 30 ஆம் திகதி வலிகாமமே இடம்பெயர்ந்தபோது மழையிலே தாய்மாரின் இடுப்பில் இருந்து போனவர்கள் நாங்கள். 2006 இல் ஏ9 பாதை மூடப்பட்டபோது எங்களுக்குப் பதினொரு வயது. 2009 இல் பதினான்கு வயது. உயர்தரம் எழுதிய 2014 இல்தான் இருபத்துநான்கு வருடங்களின் பின் யாழ்ப்பாணத்துக்கு மீண்டும் ரயில் வந்தது. இனி எல்லாம் நேர்கோட்டில் ஓடும் என்று நினைத்துக்கொண்டு பல்கலைக்கழகம் போனோம். பட்டம் பெறும் வேளையில் கொரோனா வந்தது. பட்டமேற்படிப்புக்குப் பதிவு செய்து கால் ஊன்றும் வேளையில் நாடே வங்குரோத்து ஆனது.

2022 ஐப் பற்றி வெளிநாட்டு அக்காமார் செய்தியில் வாசித்திருப்பீர்கள். ஏப்ரல் 12 ஆம் திகதி வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்துவதை நிறுத்துவதாக அரசாங்கம் அறிவித்தது. டொலர் 200 ரூபாவிலிருந்து 360 ரூபாவுக்குப் போனது. மார்ச் மாத முடிவில் ஒரு நாளைக்குப் 13 மணிநேரம் மின்சாரம் இல்லை. ஒவ்வொரு பிரதேசத்துக்கும் ஒவ்வோர் ஆங்கில எழுத்து ஒதுக்கி மின்வெட்டு அட்டவணை வெளியிட்டார்கள். அந்த நாட்களில் இரண்டு பேர் சந்தித்தால் சுகம் விசாரிப்பதில்லை, “உங்களுக்கு என்ன எழுத்து?” என்றுதான் கேட்பது. சாதியும் ஊரும் கேட்டுப் பழகிய யாழ்ப்பாணத்தில் எழுத்தைக் கேட்டது ஒரு வகையில் முன்னேற்றம் என்று எங்கள் வரலாற்று மாணவி குறித்து வைத்திருக்கிறாள்.

கிணற்று நீரை ஆராய்பவளின் நிலைமையை நினைத்துப் பாருங்கள். எங்கள் குடாநாட்டில் வற்றாத ஆறு இல்லை. மழைநீர் சுண்ணக்கல்லுக்குள் இறங்கி நிலத்தடியில் தேங்கி நிற்பதைத்தான் குடிக்கிறோம், தோட்டத்துக்கு இறைக்கிறோம். தோட்டத்துக்குப் போடும் பசளையும், மலசலகூடக் குழியிலிருந்து கசிவதும் அதே நீரில்தான் கலக்கின்றன. அதனால் பல கிணறுகளில் நைத்திரேற்றின் அளவு உலக சுகாதார அமைப்புச் சொல்லும் லீற்றருக்கு 50 மில்லிகிராம் என்ற எல்லையைத் தாண்டி நிற்கிறது. அவள் கிணற்றுக்குக் கிணறு போய் நீர் எடுத்து, குளிரில் வைத்து, ஆய்வுகூடத்துக்குக் கொண்டுவர வேண்டும். மின்சாரம் இல்லாவிட்டால் குளிர் இல்லை. பெற்றோல் இல்லாவிட்டால் பயணமே இல்லை. யூலையில் கியூஆர் அட்டை வந்தபோது மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர் என்றார்கள். அவளிடம் மோட்டார் சைக்கிளும் இல்லை. அம்மம்மா காலத்து லுமாலா சைக்கிளில், ரெஜிபோம் பெட்டிக்குள் ஐஸ் கட்டி வைத்து, வலிகாமம் முழுக்க உழக்கினாள். ஒழுங்கையில் பார்த்தவர்கள் பிள்ளை ஐஸ்பழம் விற்கிறாள் என்று நினைத்து மறித்தார்கள். பெட்டியைத் திறந்து காட்டினால் எல்லாம் கிணற்றுத் தண்ணீர். “நாட்டில தண்ணியும் விற்கிற நிலைமை வந்திட்டுது” என்று ஒரு ஐயா பெருமூச்சு விட்டாராம். மூன்று வருடம் முந்திப் பிறந்த தீர்க்கதரிசி என்று அவரைச் சொல்லலாம். இப்போது எங்கள் வீடுகள் பலவற்றின் வாசலில் குடிதண்ணீர்ப் போத்தல்தான் நிற்கிறது.

அதே வருடம் மேல் மாகாணத்தில் கடதாசி இல்லாமல் பாடசாலைத் தவணைப் பரீட்சைகளைப் பிற்போட்டார்கள். பரீட்சைகளைப் பிற்போடுவதில் எங்கள் நாட்டுக்கு நல்ல பயிற்சி இருந்தது. 2021 ஆம் ஆண்டுக்கான உயர்தரப் பரீட்சை 2022 பெப்ரவரியில் தொடங்கியது. 2022 ஆம் ஆண்டுக்கானது 2023 ஜனவரியில் தொடங்கியது. 2023 ஆம் ஆண்டுக்கானது 2024 ஜனவரியில் நடந்தது. பின்வரிசைத் தங்கைமாரே, உங்கள் அக்காமார் தங்கள் கல்வியாண்டு முடிந்த பிறகு வரும் ஆண்டில்தான் பரீட்சை எழுதினார்கள். வேலைக்கு விண்ணப்பிக்கும்போது “எந்த வருடம்?” என்று கேட்டால் “நீங்கள் பரீட்சையின் வருடத்தைக் கேட்கிறீர்களா, நாட்காட்டியின் வருடத்தைக் கேட்கிறீர்களா?” என்று திருப்பிக் கேட்க வேண்டியிருந்தது.

இதுவரை சிரித்துச் சொன்னோம். பேராதனைக்காரி அனுப்பியதைச் சற்று ஆறுதலாகச் சொல்ல வேண்டும்.

அவளுடைய ஆய்வு குடும்பங்களின் உணவைப் பற்றியது. “24 மணிநேர நினைவுகூரல்” என்று ஒரு முறை இருக்கிறது. நேற்று விடிந்ததிலிருந்து இன்று விடியும் வரை என்ன சாப்பிட்டீர்கள், எவ்வளவு சாப்பிட்டீர்கள் என்று கேட்டு எழுதுவது. கேட்பதற்குச் சுலபமான கேள்வி. 2022 செப்ரெம்பரில், கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டெண்ணின்படி உணவு விலை ஒரு வருடத்தில் 94.9 சதவீதம் ஏறியிருந்தபோது அதைக் கேட்பது சுலபமாக இருக்கவில்லை.

வீட்டு வாசலில் போய் நின்றால் அம்மா ஒருவர் வருவா. நேற்றைய சாப்பாட்டைக் கேட்டால் முதலில் கணவருடையதைச் சொல்லுவா. பிறகு பிள்ளைகளுடையதை ஒவ்வொன்றாகச் சொல்லுவா. மூத்தவனுக்கு முட்டை, சின்னவளுக்கு அரை முட்டை. “அம்மா, நீங்கள் என்ன சாப்பிட்டீர்கள்?” என்று கேட்டால் ஒரு கணம் யோசிப்பா. மறந்துபோய் அல்ல, அந்தக் கேள்வியை அவவிடம் யாரும் கேட்டுப் பழக்கமில்லை. “மிச்சம் இருந்ததை” என்பா. மிச்சம் எத்தனை கிராம் என்று எழுத அந்தப் படிவத்தில் இடம் இல்லை. பிறகு அவவே கேட்பா: “பிள்ளை, நீ சாப்பிட்டியா?” சீனி கிலோ என்ன விலை விற்ற நாளில் என்று உங்களுக்கு நினைவிருக்கும், அந்த நாளிலும் பல வீடுகளில் அவளுக்குச் சீனி போட்ட தேநீர் வந்தது. ஆய்வு விதிகளின்படி ஆய்வாளர் எதையும் வாங்கிக் குடிக்கக் கூடாது. குடிக்காமல் வந்தால் அந்த வீட்டை அவமதித்ததாகும். அவள் எல்லா வீட்டிலும் குடித்தாள். அவளுடைய ஆய்வேட்டின் முறையியல் அத்தியாயத்தில் அந்தத் தேநீர் இல்லை. இந்தச் சிறப்பு மலரிலாவது அது இருக்கட்டும் என்று கேட்டுக்கொண்டாள்.

நாடு கொஞ்சம் நிமிர்ந்தது. 2023 மார்ச்சில் சர்வதேச நாணய நிதியத்தின் உதவி வந்தது. மின்கட்டணம் ஏறியது, வரி ஏறியது, வரிசைகள் குறைந்தன. 2024 செப்ரெம்பர் 21 இல் ஜனாதிபதித் தேர்தல் நடந்தது. யாருக்கும் ஐம்பது சதவீதம் கிடைக்காமல், இந்நாட்டின் வரலாற்றிலேயே முதன்முறையாக இரண்டாவது விருப்பு வாக்குகளை எண்ணினார்கள். எங்கள் புள்ளிவிபரக்காரிக்குப் பெரும் சந்தோசம். எங்களுக்கும்தான். எங்களில் பலருடைய படிப்பே இரண்டாவது விருப்புத்தானே? வைத்தியராக வருவாள் என்று உயிரியல் படிக்க வைத்தார்கள். இசற் புள்ளி கொஞ்சம் குறைந்தது. விண்ணப்பப் படிவத்தில் கீழே எங்கேயோ எழுதி வைத்த பாடம் கிடைத்தது. பிறகு அதிலேயே மனம் லயித்துப் பத்து வருடமாகிவிட்டது. ஆகவே முதல் விருப்புக் கிடைக்கவில்லை என்று அழும் தங்கைமாருக்குச் சொல்கிறோம்: இரண்டாவதையும் எண்ணிப் பாருங்கள்.

இந்த 2025 ஆம் ஆண்டு எங்கள் புள்ளிவிபரக்காரிக்கு இன்னும் நல்ல ஆண்டு. பெப்ரவரி 9 ஆம் திகதி, ஒரு ஞாயிறு, நாடு முழுவதும் மின்சாரம் போனது. பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு புகுந்ததுதான் காரணம் என்று அமைச்சர் சொன்னார். 2022 இல் 13 மணிநேரம் இருட்டில் இருக்க எத்தனையோ அமைச்சர்களும் ஆலோசகர்களும் தேவைப்பட்டார்கள். இந்தமுறை ஒரு குரங்கே போதுமாயிருந்தது. அடுத்த மாதம், மார்ச் 15 ஆம் திகதி காலை 8 மணியிலிருந்து 8.05 வரை, ஐந்தே நிமிடத்தில், பயிர்களை நாசம் செய்யும் குரங்கு, மயில், மர அணில், பன்றி எல்லாவற்றையும் நாடு முழுவதும் மக்களே எண்ண வேண்டும் என்று அறிவித்தார்கள். தன் மாதிரியில் உள்ள குடும்பங்களை எண்ணி முடிக்க மூன்று வருடம் எடுத்தவள் அன்று குழுவில் எழுதினாள்: “மேற்பார்வையாளர் இதைப் பார்க்காமல் இருக்க வேண்டும்.” ஆனாலும் தோட்டக்காரரின் கவலை சிரிப்புக்குரியது அல்ல என்றும் அவளே எழுதினாள். தேங்காய் ஒன்று 200 ரூபாவைத் தாண்டிய காலம் அது. குரங்கு பறித்தெறியும் ஒவ்வொரு குரும்பட்டியும் ஒரு வீட்டின் சம்பல்.

பிறகு உப்பு. நான்கு பக்கமும் கடல் உள்ள நாட்டில், ஆனையிறவைக் கடந்துதான் இங்கே வர வேண்டிய நாட்டில், மே மாதம் கடைகளில் உப்பு இல்லை. பருவம் தவறிய மழை உப்பு விளைச்சலைக் கெடுத்தது. இந்தியாவிலிருந்து இறக்குமதி செய்தார்கள். ரொறன்ரோக்காரி தன் அறைத்தோழிக்கு இதை விளக்க முயன்று தோற்றுப்போனாள். “தீவு என்றால் கடல் நடுவில் இருப்பதுதானே?” என்று அந்தப் பிள்ளை கேட்டாளாம்.

சிரிக்க முடியாத செய்தியும் இந்த ஆண்டு வந்தது. செம்மணி, சித்துபாத்தி மயானத்தில் மே மாதம் தொடங்கிய அகழ்வில் நூற்றுக்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகள் வெளிவந்திருக்கின்றன. குழந்தைகளுடையவையும் அவற்றுள் உண்டு. நீல நிறப் புத்தகப்பை ஒன்றும் வெளிவந்தது. அந்தப் படத்தைக் குழுவிலே யாரும் பகிரவில்லை. எல்லோரும் பார்த்தோம், யாரும் பேசவில்லை.

1996 செப்ரெம்பரில் உயர்தர இரசாயனவியல் பரீட்சை எழுதிவிட்டுச் சைக்கிளில் வீடு திரும்பிய ஒரு மாணவி செம்மணிச் சோதனைச்சாவடியில் மறிக்கப்பட்டாள். தேடிப்போன தாயும், தம்பியும், அயலவரும் திரும்பி வரவில்லை. அந்த வழக்கில் தண்டனை பெற்ற படையினன் ஒருவன் 1998 இல் நீதிமன்றத்தில் சொன்னதிலிருந்துதான் செம்மணிப் புதைகுழிகள் பற்றி உலகம் அறிந்தது. அவள் நம் கல்லூரி மாணவி அல்லள். இந்தக் குடாநாட்டில் அந்தக் காலத்தில் சீருடை அணிந்த எவளும் அவளாக இருந்திருக்கலாம் என்பது இங்கே இருக்கும் அக்காமாருக்குத் தெரியும். எங்களுக்கு அப்போது ஒரு வயது. நாங்கள் அதே வீதியால் சைக்கிளில் போய்ப் பரீட்சை எழுதித் திரும்பினோம். பட்டம் பெற்றோம். எங்களிடம் “இன்னுமோ படிக்கிறாய்?” என்று கேட்க ஆட்கள் இருக்கிறார்கள். அது எவ்வளவு பெரிய கொடுப்பினை என்பதை இந்த ஆண்டு உணர்ந்தோம். கண்டெடுக்கப்பட்டவர்களுக்குப் பெயர் கிடைக்க வேண்டும், காத்திருக்கும் தாய்மாருக்குப் பதில் கிடைக்க வேண்டும். படித்தவர்கள் என்ற வகையில் இதைச் சொல்லாமல் இந்த மேடையை விட்டு இறங்க எங்களுக்கு மனமில்லை.

சங்கம் பிறந்த காலத்தையும் கொஞ்சம் பார்ப்போம். இது எங்கள் சென்னைக்காரியின் பங்கு. நூறு வருடத்துக்கு முன், இங்கிருந்து கொழும்புக்கு ரயில் ஓடிக்கொண்டிருந்தது. கொழும்பில் பல்கலைக்கழகக் கல்லூரி 1921 இல் தொடங்கியிருந்தது. 1924 இல் இங்கே மாணவர் காங்கிரஸ் தோன்றி, பின்னர் யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ் ஆனது. அவர்களுடைய அழைப்பில் 1927 நவம்பரில் காந்தி யாழ்ப்பாணம் வந்தார். சாதிப் பாகுபாட்டுக்கும் சீதனத்துக்கும் எதிராகப் பேசிய இளைஞர்கள் அவர்கள். 1931 இல் டொனமூர் அரசியலமைப்பின்படி 21 வயதான எல்லோருக்கும், பெண்களுக்கும் சேர்த்து, வாக்குரிமை கிடைத்தது. அந்தத் தேர்தலைத்தான் வாலிபர் காங்கிரஸ் பகிஷ்கரித்தது. பூரண சுயராச்சியம் இல்லாத அரசியலமைப்பு வேண்டாம் என்பது அவர்களுடைய வாதம். குடாநாட்டின் நான்கு தொகுதிகளிலும் ஒருவரும் நியமனப் பத்திரம் தாக்கல் செய்யவில்லை. 1934 இல்தான் அந்த ஆசனங்கள் நிரப்பப்பட்டன.

சங்கத்தின் முதல் அங்கத்தவர்களை நினைத்துப் பாருங்கள். இருபது, இருபத்தைந்து வயது. வாழ்க்கையில் முதல்முறையாக வாக்குரிமை கிடைக்கிறது. கிடைத்த கையோடு, வாக்களிக்காமல் இருப்பதுதான் தேசபக்தி என்று அண்ணன்மார் சொல்கிறார்கள். அதே வேளை, கொழும்பு வடக்கில் 1932 இல் நேசம் சரவணமுத்து என்ற தமிழ்ப்பெண் அரசாங்க சபைக்குத் தெரிவாகிறார். நம் மூத்தவர்கள் அதைப் பத்திரிகையில் வாசித்துவிட்டு என்ன பேசியிருப்பார்கள்? கூட்டக் குறிப்பில் எழுதக்கூடிய பேச்சாக அது இருந்திராது. தேநீர் ஊற்றும்போது பேசியிருப்பார்கள். நாட்டு நடப்பும் வீட்டு நடப்பும் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு வருவது எங்கள் தலைமுறையோடு தொடங்கியது அல்ல என்று அறிந்தபோது எங்களுக்கு ஓர் ஆறுதல்.

இனி, எல்லோரும் கேட்க நினைக்கும் விடயம். போவதா, இருப்பதா?

2022 இல் மட்டும் இந்நாட்டில் 9 இலட்சத்துக்கு மேற்பட்ட கடவுச்சீட்டுகள் வழங்கப்பட்டன. 3 இலட்சத்துக்கு மேற்பட்டோர் வெளிநாட்டு வேலைக்குப் போனார்கள். எங்கள் வகுப்பில் நாற்பது பேர். குழுப்படம் எடுக்க இன்று பதினொரு பேர்தான் வந்திருக்கிறோம். போனவர்கள் சுகமாக இருக்கிறார்கள் என்று இருப்பவர்களும், இருப்பவர்கள் நிம்மதியாக இருக்கிறார்கள் என்று போனவர்களும் நினைக்கிறார்கள். ரொறன்ரோக்காரி எழுதியதை அப்படியே வாசிக்கிறோம்:

“நிலக்கீழ் அறையில் மூன்று பேர். வாடகை கட்டிய பிறகு மிஞ்சுவது பஸ் காசு. 2024 ஜனவரியிலிருந்து வெளிநாட்டு மாணவர் காட்ட வேண்டிய வாழ்க்கைச் செலவுப் பணத்தை 10,000 டொலரிலிருந்து 20,635 டொலராகக் கூட்டிவிட்டார்கள். எனக்குப் பிறகு வரவேண்டிய பிள்ளைகளின் தகப்பன்மார் காணி விற்கிறார்கள். சனிக்கிழமைகளில் கடையில் மரக்கறி அடுக்குகிறேன். வல்லாரையும் முருங்கைக்காயும் வரும். முருங்கைக்காயின் விலையைப் பார்த்தால் எங்கள் வளவு ஒரு பெரும் சொத்து. அம்மாவிடம் இதைச் சொல்லாதேங்கோ.”

அம்மா இந்த மண்டபத்தில் இருக்கிறா. அவவுக்கு எல்லாம் முன்பே தெரியும் என்று சொல்லச் சொன்னா.

நாங்கள் ஐவரும் இதைப் பற்றி நிறையச் சண்டை பிடித்திருக்கிறோம். போனவர்களைத் துரோகி என்றும் இருப்பவர்களை வழியில்லாதவர் என்றும் சொல்வதை நிறுத்துவது என்ற அளவில் உடன்பாடு கண்டோம். போனவளும் இருப்பவளும் ஒரே கணக்கைத்தான் போடுகிறார்கள். விடை வேறாக வருகிறது. ஆனால் ஓர் எண் எங்கள் ஐவரையும் உறுத்துகிறது. இந்நாட்டுப் பல்கலைக்கழக மாணவர்களில் அறுபது சதவீதத்துக்கு மேல் பெண்கள். தொழிற்படையில் பங்குகொள்ளும் பெண்களோ வேலை செய்யும் வயதுடைய பெண்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கினர். இடையில் இத்தனை பெண்கள் எங்கே போனார்கள்? எல்லோரும் கனடா போகவில்லை. பெரும்பாலானோர் பக்கத்து ஒழுங்கையில்தான் இருக்கிறார்கள். பட்டச் சான்றிதழ் சுவரில் தொங்குகிறது. பிள்ளை பார்க்க ஆள் இல்லை, மாமியாருக்கு நடக்க ஏலாது, வேலை கிடைத்த ஊருக்கு நேரத்துக்குப் பஸ் இல்லை, இருட்டினால் வர முடியாது. இவை எந்த ஆய்வேட்டிலும் பெரிய காரணமாகத் தெரிவதில்லை. ஒன்றாகச் சேர்ந்தால் ஒரு பெண்ணின் இருபது வருடப் படிப்பை மூடி வைக்க இவையே போதும்.

இதனால் சங்கத்திடம் சில வேண்டுகோள்களை முன்வைக்கிறோம். நூற்றாண்டு ஞாபகார்த்த வளைவு கட்டும் யோசனை இருப்பதாக அறிகிறோம். வளைவு அழகானதுதான். அதற்கு முன், கொழும்பிலும் பேராதனையிலும் படிக்கப் போகும் நம் பிள்ளைகளுக்கு முதல் ஆறு மாதத்துக்கு ஒரு சிறு தொகை கொடுங்கள். மகாபொல புலமைப்பரிசில் பணம் கைக்கு வந்து சேரும்வரை அவர்கள் பிளேன்ரீயும் பிஸ்கற்றுமாக இருப்பதை நாங்கள் பார்த்திருக்கிறோம், இருந்தும் இருக்கிறோம். வேலைக்குத் திரும்ப விரும்பும் பழைய மாணவிகளின் பெயர்ப் பட்டியல் ஒன்றைச் சங்கம் வைத்திருக்கட்டும். கிளிநொச்சியில் வேலை கிடைத்தவளுக்கு அங்கே ஓர் அக்காவின் வீட்டில் அறை கிடைத்தால் அதுவே ஒரு பெரிய உதவி. சின்னஞ்சிறு வேண்டுகோள் ஒன்றும் உண்டு. ஆய்வு மாணவியைக் கண்டால் “எப்ப முடியும்?” என்று கேளாமல், “எதைப் பற்றி ஆராயிறாய்?” என்று கேளுங்கள். அவள் அரை மணித்தியாலம் பேசுவாள். அதற்கு மட்டும் தயாராக வாருங்கள்.

கேட்பவர்கள் கொடுக்கவும் வேண்டும். தை மாதத்திலிருந்து ஒவ்வொரு ஞாயிறும் மாலை 7 மணிக்கு, உயர்தர வகுப்பு மாணவிகளுக்கு நாங்கள் ஐவரும் முறைவைத்து ஒரு மணித்தியாலம் இணையவழியில் வருவோம். ரியூசன் அல்ல, பரீட்சைக்கு ஊக வினாவும் இல்லை. பல்கலைக்கழக விண்ணப்பத்தை எப்படி நிரப்புவது, ஆங்கிலக் கட்டுரையை எப்படி வாசிப்பது, ஒரு செய்தியில் வரும் எண்ணை நம்பலாமா விடலாமா என்று எப்படிப் பார்ப்பது, இவைதான். ரொறன்ரோக்காரிக்கு அது காலை எட்டரை மணி. ஞாயிறு காலையில் எழும்புவதாக எழுத்தில் தந்திருக்கிறாள். மின்சாரம் போனால் அடுத்த ஞாயிறு வாருங்கள். குரங்குக்கு நாங்கள் பொறுப்பல்ல.

இந்தக் கல்லூரிக்கும், எங்களைச் சைக்கிளில் அனுப்பிவிட்டுத் திரும்பி வரும்வரை வாசலில் நின்ற தாய்மாருக்கும், எங்களுக்கு முன்னே நடந்த நூறு வருட அக்காமாருக்கும் எங்கள் ஐவரின் நன்றி. பெயர் கொடுக்க விரும்பும் தங்கைமார் கூட்டம் முடிந்ததும் மேடையின் இடது பக்கத்துக் கதிரைகளுக்கு வாருங்கள். கொப்பியும் பேனையும் கொண்டு வந்திருக்கிறோம்.